குத்துமதிப்பு எங்கே போதும், கணக்கு எங்கே வேண்டும்: நேரத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் போய் 500 பேருக்குச் சாப்பாடு என்று சொல்லுங்கள். முதலில் ஒரு பேப்பர் கேட்பார். அரிசி, துவரம்பருப்பு, புளி, எண்ணெய், வாழையிலை என்று மளிகை லிஸ்ட் கிலோக் கணக்கில் இறங்கும். அடுத்த கேள்வி, பந்தி எத்தனை மணிக்கு? அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, காய் நறுக்குகிறவர்கள் எப்போது வர வேண்டும், அடுப்பு எப்போது பற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவார். இவ்வளவு கணக்குப் பார்க்கும் அதே மனிதர், பாகு காய்ச்சும்போது கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து, கட்டை விரலோடு ஒட்டி இழுப்பார். கம்பி நின்றால், "இறக்குப்பா". அவ்வளவுதான்.

நேரத்தைக் கையாள்வது பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி இந்தக் காட்சியில் இருக்கிறது. லிஸ்ட் போட வேண்டிய இடத்தில் குத்துமதிப்பு போதாது. பதம் பார்க்க வேண்டிய இடத்தில் கடிகாரம் உதவாது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனக்கணக்காகவே வைத்துக்கொள்கிறோம். இப்போது எதைக் கையில் எடுப்பது என்பதற்கு மட்டும் ஒரு ஆப் இறக்கி, கலர் கலராகக் கட்டம் போடுகிறோம்.

நான் ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கிறேன். ஊரில் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; நான் ஆடிட்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அலுத்து, இப்போது விட்டுவிட்டேன். வீட்டு முன்னறையில் இரண்டு மேசை, முப்பத்தைந்து கடைகள், பட்டறைகளின் ஜிஎஸ்டி கணக்கு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துத்தான் ஓட்டினேன். மூன்று மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த, வரித்துறை அனுப்பிய ஒரு நோட்டீஸுக்கான பதில் மூன்று நாளை விழுங்கி, அந்த மாதம் நான்கு வரி ரிட்டர்ன்கள் தாமதமாகப் போன பிறகு, எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். காலை 6 மணி முதல் ராத்திரி 10 வரை அரை மணிக்கு ஒரு கட்டம். பதினோரு நாள் தாக்குப்பிடித்தது. பன்னிரண்டாம் நாள் காலை பால் பாக்கெட் லேட்டாக வந்தது, அதோடு முழு நாளும் சரிந்தது.

கீழே இருப்பது இரண்டுக்கும் பிறகு மிஞ்சிய முறை. ஒரு நோட்டு, ஒரு பேனா, கிழித்த காலண்டர் தாள் போதும்.

முதலில்: மனசை எங்கே நம்பலாம்?

கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தீயணைப்புப் படைத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். இரண்டு வழிகளையாவது ஒப்பிட்டு எடை போடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். அவர்களோ பெரும்பாலும் முதலில் தோன்றிய வழியையே எடுத்தார்கள், அது சரியாகவும் இருந்தது. அதே காலத்தில் டேனியல் கானெமன் என்ற இன்னோர் உளவியலாளர், மனித மனம் எப்படியெல்லாம் தப்புக்கணக்குப் போடுகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். எதிரெதிர் முகாம். இருவரும் உட்கார்ந்து பேசி 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புவதற்கு அவர்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் இரண்டு. வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதாவது ஒரே மாதிரி அறிகுறி ஒரே மாதிரி விளைவைத் தர வேண்டும். அந்த ஒழுங்கைப் பல தடவை செய்து, சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்து, பழகியிருக்க வேண்டும்.

பாகுக்கு இரண்டும் உண்டு. எனக்கு மளிகைக்கடையின் மாத ரிட்டர்னுக்கு இரண்டும் உண்டு. பில் கட்டைக் கையில் தூக்கியதுமே எவ்வளவு நேர வேலை என்று சொல்லிவிடுவேன், ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும்.

நோட்டீஸுக்கு இரண்டும் இல்லை. ஒவ்வொன்றும் வேறு ஜாதி, வருடத்துக்கு நாலைந்துதான் வரும், பதில் அனுப்பி மாதக்கணக்கில் ஆன பிறகே நாம் எழுதியது எடுபட்டதா என்று தெரியும். ஆனால் மனசு இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. மளிகைக்கடை ரிட்டர்னுக்கு எந்தத் தைரியத்தோடு "நாற்பது நிமிஷம்" என்கிறதோ, அதே தைரியத்தோடுதான் நோட்டீஸுக்கும் "மூணு மணி நேரம்" என்கிறது. தெரிந்து சொல்கிறதா, தெரியாமல் சொல்கிறதா என்பது குரலில் தெரியாது. ஆகவே குரலை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

கானெமனும் அவருடைய சகா அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-இல் கனடாவில் ரோஜர் ப்யூலரும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். கெட்ட காலத்தைக் கற்பனை பண்ணச் சொன்னாலும் மனசு போதுமான அளவுக்குக் கெட்டதை நினைக்கவில்லை.

படி 1: ஒரு வாரம், இரண்டு எண்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். எப்போதும் போலவே வேலை செய்யுங்கள். ஒன்றே ஒன்று மட்டும்: எந்த வேலையை ஆரம்பிக்கும் முன்பும் அதன் பெயர், எவ்வளவு நேரம் ஆகும் என்ற உத்தேசம், இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் பக்கத்தில் உண்மையில் ஆன நேரம். பேனாவால் எழுதுங்கள், பென்சிலால் எழுதினால் சாயங்காலம் உத்தேசத்தைக் கொஞ்சம் "சரி" பண்ணத் தோன்றும். அனுபவத்தில் சொல்கிறேன்.

என் நோட்டின் முதல் வாரத்திலிருந்து சில வரிகள்:

மளிகைக்கடை ரிட்டர்ன்: உத்தேசம் 40 நிமிடம், ஆனது 45.
ஜவுளிக்கடை கொள்முதல் பில் ஒப்பிட: உத்தேசம் ஒன்றரை மணி, ஆனது 1 மணி 50 நிமிடம்.
நோட்டீஸ் பதில்: உத்தேசம் 3 மணி, ஆனது 11 மணி, மூன்று நாளில் பிய்ந்து பிய்ந்து.
"ஒரு நிமிசங்க சார்" போன்: உத்தேசம் 5 நிமிடம், ஆனது 25.
பரண் சுத்தம்: உத்தேசம் 2 மணி, ஆனது ஞாயிற்றுக்கிழமை.

போன் வரியைப் பாருங்கள். நோட்டீஸைவிட மோசமான கணிப்பு அதுதான், ஐந்து மடங்கு. நோட்டீஸ் வருடத்துக்கு நாலு. "ஒரு நிமிசம்" நாளைக்கு எட்டு. எழுதிப் பார்க்காமல் இருந்திருந்தால் என் நேரத்தைத் தின்பது நோட்டீஸ்தான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வீட்டு வேலைகளையும் எழுதுங்கள். சமையலறையில் உத்தேசம் பெரும்பாலும் சரியாக இருக்கும், தினமும் செய்வதால். என் மனைவி இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "சாம்பாருக்கு எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியும், நீங்க கடைக்குப் போய் வர எவ்வளவு நேரம்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். உத்தேசம் 15, ஆனது 50. டீக்கடை வழியில் இருக்கிறது.

படி 2: வேலைகளை இரண்டாகப் பிரித்து, உங்கள் பெருக்கலைக் கண்டுபிடியுங்கள்

வாரக் கடைசியில் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியிலும் ஆன நேரத்தை உத்தேசத்தால் வகுத்துப் பாருங்கள். 45-ஐ 40-ஆல் வகுத்தால் 1.1. 11-ஐ 3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3.7. நான் பெருக்கல் என்பது இந்த எண்களைத்தான். இவை இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒரு கூட்டம் ஒன்றை ஒட்டி இருக்கும்: பழகிய வேலைகள். இன்னொரு கூட்டம் இரண்டு, மூன்று, நாலு என்று சிதறிக் கிடக்கும்: புது வேலைகள், மற்றவர்களை நம்பி நடக்கும் வேலைகள், அப்புறம் பேச்சு.

பழகிய கூட்டத்துக்கு இனி எந்த முறையும் வேண்டாம். உங்கள் குத்துமதிப்பே போதும். நேர மேலாண்மை பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் விடுவதில்லை, எல்லாவற்றுக்கும் திட்டம் போடச் சொல்கிறார்கள். கைபழகிய வேலைக்குத் திட்டம் போடுவதும் நேரத்தை வீணாக்கும் ஒரு வழிதான்.

சிதறிய கூட்டத்தில், "இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று மனசைக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். "போன தடவை இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆச்சு?" என்று நோட்டைக் கேளுங்கள். முதல் கேள்வி கேட்டால் மனசு படிப்படியாக ஒரு நல்ல கதை சொல்லும்: உட்காருவேன், படிப்பேன், எழுதுவேன், அனுப்புவேன். கதையில் கரன்ட் போகாது, தாள் காணாமல் போகாது. இரண்டாவது கேள்வியில் அதெல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். அதே வகையில் மூன்று பழைய வரிகள் கிடைத்தால் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் உத்தேசத்தை இரண்டால் பெருக்குங்கள். அது ஒரு தற்காலிக ஏற்பாடு, உங்கள் எண் வந்ததும் அதைத் தூக்கிப் போடலாம்.

சுத்தமாகப் புது வேலையா? முழு வேலையையும் கணிக்க முயலாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் திட்டமிடுங்கள். நோட்டீஸ் வந்தால் இப்போது நான் எழுதுவது இவ்வளவுதான்: "1 மணி: நோட்டீஸை முழுதும் படித்து, எந்த வருடம், எந்தத் தொகை, என்னென்ன ஆவணம் வேண்டும், பதில் தர எது கடைசி தேதி என்று ஒரு பக்கத்தில் எழுது". அந்த ஒரு மணிக்குப் பிறகு வரும் உத்தேசம் வேறு தரத்தில் இருக்கும்.

படி 3: தலையில் இருப்பதை இறக்குங்கள்

இது சின்னப் படி, ஒரு தடவை ஒன்றரை மணி நேரம், பிறகு தினமும் ஐந்து நிமிடம். செய்ய வேண்டியது என்று மனதில் ஓடும் எல்லாவற்றையும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள். காஸ் புக் பண்ண, பையனின் கண்ணாடி, வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க, அத்தை வீட்டு விசேஷத்துக்கு மொய். பெரிது சிறிது பார்க்க வேண்டாம்.

பாதியில் நிற்கும் வேலை நினைவில் உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் ப்ளூமா ஸெய்கார்னிக் 1927-இல் எழுதினார். இதில் பயனுள்ள பகுதி ரொம்பப் பின்னால் வந்தது: 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டியது. வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாக ஒரு திட்டம் எழுதிவிட்டாலே அந்த உறுத்தல் வெகுவாகக் குறைகிறது. ஆகவே "இன்சூரன்ஸ்" என்று ஒற்றைச் சொல் எழுதி வைத்தால் அரைகுறைதான். "சனிக்கிழமை காலை ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு பிரீமியம் தேதி கேட்க" என்று எழுதுங்கள். ஒரு கை, ஒரு கால் அசைகிற மாதிரி வாக்கியம் இருக்க வேண்டும்.

இங்கே நேர மேலாண்மை எழுத்தாளர் டேவிட் ஆலனின் பிரபலமான இரண்டு நிமிட விதியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை எழுதி வைக்காமல் அப்போதே செய்துவிடு என்கிறது அது. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு நல்ல விதி. கணக்கின் நடுவில் இருக்கும்போது அதைப் பின்பற்றினால் நாள் போச்சு. நம் வீடுகளில் இரண்டு நிமிட வேலை வாசற்படியிலேயே வரிசையில் நிற்கும்: கூரியர், தண்ணீர் கேன், பக்கத்து வீட்டுச் சாவி. என் நோட்டின்படி இரண்டு நிமிட வேலைக்கு எழுந்து போனால் திரும்பி அதே பில்லின் அதே வரிக்கு வர பத்து நிமிடம் ஆகிறது.

படி 4: சுவர்களை மட்டும் எழுப்புங்கள்

சமையல் மாஸ்டர் பந்தி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறாரே, அந்தப் படி இது. நகராத தேதிகளை முதலில் நாட்காட்டியில் போடுங்கள். பிறகு பின்னோக்கி வாருங்கள்.

எனக்கு இது மாதாமாதம் நடப்பது. மாத ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 3பி, அதாவது வரியைக் கட்டி முடிக்கும் ரிட்டர்ன், கடைசி நாள் 20. அதற்கு முந்தைய விற்பனை விவரம், அதாவது ஆர்-1, கடைசி நாள் 11. கொள்முதலில் ஏற்கெனவே கொடுத்த வரியில் எவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் 2பி அறிக்கை 14-ஆம் தேதி கிடைக்கும். அதாவது பில்களை ஒப்பிட்டுப் பார்க்க 14-க்கும் 20-க்கும் நடுவே ஆறு நாள்தான், அதில் ஒரு ஞாயிறு வந்துவிட்டால் ஐந்து. தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி தனி. இவ்வளவும் தெரிந்திருந்தும் பல வருடம் என் மனசில் இருந்த தேதி "இருபது" ஒன்றுதான். பின்னோக்கி எண்ணியபோதுதான் புரிந்தது, எனக்கு உண்மையான கெடு 5-ஆம் தேதி: அன்றைக்குள் பார்ட்டிகளிடமிருந்து, அதாவது என் கடைக்காரர்களிடமிருந்து, விற்பனை பில் வந்துவிட வேண்டும். இருபதாம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடிபி வர வேண்டிய பார்ட்டியின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகிக் கிடந்த மாதத்திலிருந்து, 3பிக்கும் என் சொந்தக் கெடு 18.

உங்களுக்கு அது கல்லூரி அசைன்மென்ட்டாக இருக்கலாம், பாஸ்போர்ட் புதுப்பிப்பாக இருக்கலாம், காதுகுத்தாக இருக்கலாம். கேள்வி ஒன்றுதான்: கடைசி நாளுக்கு முன்னால், என் கையில் இல்லாத எந்த விஷயம் எந்தத் தேதியில் நடந்தாக வேண்டும்? அந்தத் தேதியே சுவர்.

உபரி நேரம் எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டால், அந்தக் கூட்டிய நேரமும் தீர்ந்துவிடும். கிடைத்த நேரம் முழுதும் நிரம்பும் வரை வேலை வீங்கும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்கின்சன் 1955-இல் கிண்டலாக எழுதியது கிண்டலாகவே நின்றுவிடவில்லை. வேலைக்கு நோட்டு சொல்கிற நேரத்தை மட்டும் கொடுங்கள். உபரியை மொத்தமாகச் சேர்த்து வாரத்தில் ஒரே இடத்தில் காலியாக விடுங்கள். எனக்கு அது சனிக்கிழமை மதியம். ஒன்றும் சரியவில்லையென்றால் தூங்கலாம்.

இன்னொரு சுவர், யாரும் தொந்தரவு பண்ணாத நேரம். இதற்கு நான் கண்டுபிடித்த சூட்சுமம் நம் தினசரி காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். என் பார்ட்டிகளில் பாதிப் பேர் அந்த நேரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், பணம் கட்ட மாட்டார்கள், எனக்கும் போன் பண்ண மாட்டார்கள். கஷ்டமான ஒப்பீட்டு வேலைக்கு வாரத்தில் அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. உங்கள் சுற்றுவட்டாரத்திலும் இப்படி ஓர் அமைதியான இடைவெளி இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரமோ, பள்ளி வேன் போன பிறகான ஒரு மணியோ. தேடிப் பிடியுங்கள்.

இதற்கு மேல் நாளைக் கட்டம் கட்டாதீர்கள். ஒரு நாளில் இரண்டு சுவர், மிஞ்சினால் மூன்று.

படி 5: சுவர்களுக்கு உள்ளே மனசுக்கு விட்டுவிடுங்கள்

காலையில் தேதித் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் இன்றைய வேலை மூன்று எழுதுகிறேன். தாள் உள்ளங்கை அளவு, நாலாவது எழுதினால் அசிங்கமாக இருக்கும். அந்தச் சின்ன அளவுதான் எனக்குக் கட்டுப்பாடு. மூன்றில் எதை முதலில் என்று எழுதுவதில்லை. மேசையில் உட்கார்ந்து மூன்றையும் பார்ப்பேன், கை எதை நோக்கிப் போகிறதோ அது.

இது சோம்பேறித்தனமான வழி மாதிரித் தெரியும். ஆனால் அந்த நொடியில் மனசு எடுத்துக்கொள்ளும் விவரங்கள் எந்த அட்டவணையிலும் இல்லாதவை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, இன்று எண்கள் கண்ணில் ஒட்டாது. ஜவுளிக்கடைக்காரர் நேற்றுப் பேசியபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. மத்தியானம் கரன்ட் கட் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். விதிமுறைகளுக்குப் பேர்போன ஆலனே கூட, வேலை பட்டியலில் ஒழுங்காக இறங்கிய பிறகு, இந்த நிமிடம் எதைச் செய்வது என்பதை இடம், கையிலுள்ள நேரம், தெம்பு, முக்கியம் ஆகியவற்றைப் பார்த்து மனசு தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் சொல்கிறார். முறை தேவைப்படுவது பட்டியலுக்குத்தான்.

ஆரம்பிக்கவே பிடிக்காத வேலைக்கு மட்டும் டைமர் வைக்கலாம். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில், இத்தாலியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய பொமோடோரோ முறை: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. ஆரம்பிக்கத் தள்ளிவிடுவதற்கு அருமையான கருவி. நடுவில் கை ஓட ஆரம்பித்துவிட்டால் மணியடித்தாலும் நிறுத்தாதீர்கள். கம்பிப் பதம் வரும் நேரத்தில் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பாகு என்ன ஆகும்?

படி 6: பேசுவது உள்ளுணர்வா, சோம்பலா?

மனசுக்கு விடலாம் என்றதுமே எழும் நியாயமான கேள்வி இது. இந்த ஒரு படிக்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஒரு மாதம் 15-ஆம் தேதி, மூன்று வேலையில் ஜவுளிக்கடையை முதலில் எடு என்று மனசு சொல்லியது. தேதிப்படி அவசரம் வேறு ஒன்றுக்கு. எடுத்துப் பார்த்தேன். பெரிய தொகைக் கொள்முதல் ஒன்று 2பி-யில் வரவே இல்லை; சரக்கு கொடுத்தவர் அந்தப் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றவில்லை. அன்றே தெரிந்ததால் கடைக்காரரிடம் சொல்லி, அந்த மாத வரிக்குக் கூடுதலாகப் பணம் புரட்ட ஐந்து நாள் கிடைத்தது. எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். பில் கட்டு வழக்கத்தைவிட மெல்லிசாக இருந்தது, வருஷக்கணக்காக அந்தக் கட்டைத் தூக்கிய கை அது. இன்னொரு மாதம் அதே மனசு, நோட்டீஸை இன்றைக்கு வேண்டாம் என்றது. மறுநாளும் வேண்டாம் என்றது. அதில் எந்தச் சூட்சுமமும் இல்லை, எனக்கு அந்த நோட்டீஸைப் பார்க்கவே பயம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பிடிபட்டது இது. உள்ளுணர்வு ஒரு பொருளைச் சுட்டும்: "அதைப் பார்". சோம்பல் ஒரு பொருளை விலக்கும்: "இது வேண்டாம்". பதிலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், உள்ளுணர்வுக்குத் திட்டவட்டமான பதில் இருக்கும். சோம்பல் அலமாரி அடுக்கலாம் என்னும், டீ குடிக்கலாம் என்னும். ஒரே வேலையை மனசு இரண்டு நாள் தொடர்ந்து தள்ளிவிட்டால் மூன்றாம் நாள் அதன் பேச்சைக் கேட்பதில்லை என்று விதி வைத்திருக்கிறேன். அன்று டைமரைப் பத்து நிமிடத்துக்கு வைத்து உட்கார வேண்டியதுதான். பத்து நிமிடத்துக்குப் பிறகும் உண்மையிலேயே முடியவில்லையென்றால் எழுந்துவிடலாம். பெரும்பாலும் எழுந்ததில்லை.

மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு: அவசரம். 2018-இல் மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீ ஆகியோரின் ஆய்வு, பலன் குறைவு என்று தெரிந்தாலும் கெடு குறுகிய வேலையை நோக்கியே மக்கள் கை போகிறது என்று காட்டியது. போன் அடிப்பது அப்படித்தான் இழுக்கிறது. அவசரம், முக்கியம் என்ற நாலு கட்டப் படத்தை அமெரிக்க அதிபராக இருந்த ஐசனாவர் பெயரில் பார்த்திருப்பீர்கள். அவர் 1954-இல் ஓர் உரையில் இரண்டையும் பிரித்துச் சொன்னது உண்மை, அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார்; கட்டம் போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். கட்டம் போட்டுப் பிரிப்பது எனக்குக் கைகொடுக்கவில்லை, எல்லாமே முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. நான் செய்வது: யாராவது அவசரம் என்றால், "நாளைக்குக் காலையில பண்ணினா என்னங்க ஆகும்?" என்று கேட்பேன். பத்தில் ஏழு பேர், "ஒண்ணும் ஆகாதுங்க" என்றுவிடுகிறார்கள்.

படி 7: ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

நோட்டை எடுத்து அந்த வாரத்தின் உத்தேசத்தையும் ஆனதையும் பாருங்கள். மூன்று விஷயம் மட்டும் தேடுங்கள். சிதறிய கூட்டத்திலிருந்து எந்த வேலையாவது ஒன்றை நெருங்கி வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது பழகிவிட்டது, இனி எழுத வேண்டாம். பழகிய கூட்டத்தில் ஏதாவது திடீரென்று இரண்டைத் தாண்டியிருக்கிறதா? தாண்டியிருந்தால் வேலையின் தன்மை மாறியிருக்கிறது. எனக்கு அப்படி ஒரு கடை இரண்டாவது கிளை திறந்ததை அவர் சொல்லும் முன் நோட்டு சொன்னது. மூன்றாவது, பின்பக்கப் பட்டியலில் நாலு வாரமாக அசையாமல் கிடக்கும் வரி. அதைச் செய்யுங்கள், அல்லது அடியுங்கள். நான் இரண்டு வருடம் சுமந்த "ஹிந்தி கற்க" என்ற வரியை அடித்த அன்று நிம்மதியாக இருந்தது.

இருபது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நோட்டை அழகுபடுத்தத் தோன்றும், புது ஆப் பார்க்கத் தோன்றும். அதுவும் படி 6-இல் சொன்ன சோம்பலின் இன்னொரு வேஷம்.

யாருக்கு இது அப்படியே பொருந்தாது

கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள். இவர்களின் நேரம் வெளியிலிருந்து உடைபடுவது. சுவர் எழுப்பச் சொல்வது வேடிக்கை. இவர்களுக்கு 4-ஆம் படியை விட்டுவிட்டு, 3-ஆம் படிப் பட்டியலை நேர அளவுப்படி பிரித்துக்கொள்வது உதவும்: ஐந்து நிமிடம் கிடைத்தால் செய்ய நாலு வேலை, இருபது நிமிடம் கிடைத்தால் இரண்டு. குழந்தை எத்தனை நேரம் தூங்கும் என்ற கணிப்பில் அம்மாக்களின் குத்துமதிப்பை வெல்ல எந்த நோட்டும் இல்லை.

காய்ச்சல், துக்கம், தீபாவளி வாரம் ஆகிய நாட்களில் நகராத தேதிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை மூடி வையுங்கள்.

நோட்டு விட்டுப்போனால்

விட்டுப்போகும். எனக்கு வருடத்தில் மூன்று நாலு தடவை விட்டுப்போகிறது. அப்போது செய்யக்கூடாத ஒன்று, விட்ட நாட்களை நினைவிலிருந்து நிரப்புவது. நினைவு எப்போதும் நம்மைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும் எண்ணைத்தான் தரும், அந்த எண்கள் கலந்தால் உங்கள் பெருக்கல் கெட்டுவிடும். அந்தப் பக்கத்தைக் காலியாகவே விடுங்கள். இன்றைய தேதியைப் போட்டு, இப்போது கையில் இருக்கும் வேலையின் பெயரை எழுதி, பக்கத்தில் உத்தேசத்தைப் போடுங்கள்.